ஏழாம் நம்பர் வீட்டு வெயில்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எனக்குக் கண் எரிச்சலைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை. நீ, உன் வீட்டுக்காரி, அம்மா மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் பஞ்சர் கடைப் போனில் பேசினால் காற்றடிக்கும் மெஷின் சத்தத்தில் பாதி கேட்பதில்லை, மீதிப் பாதி நம் சண்டையில் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம்.

இத்துடன் ஒரு பார்சல் வரும். உள்ளே ஆறு மரப்பட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு கை நீளம். மேலிருந்து கீழ்வரை ரோஜா, வெள்ளை, நீலம் என்று மூன்று கோடு தீட்டியிருக்கிறேன். எல்லாம் ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது. வெள்ளையில் காரீயம் இருக்கிறது. நக்கிப் பார்க்காதே, உன்னை எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். எங்கள் ஓவியக்கூடத்தில் கூடை பின்னும் பெண் ஒருத்தியின் படம் இருக்கிறது. ஊரெல்லாம் அவளை 'வெள்ளைச் சால்வைக்காரி' என்கிறது, நுழைவுச் சீட்டிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள். போன வருடம் தூசி தட்டுவதற்காகச் சட்டத்தைக் கழற்றினோம். சட்டம் மறைத்திருந்த ஓரத்தில் விரல் அகலத்துக்குச் சால்வை நல்ல ரோஜா நிறம்! இத்தனை வருட வெளிச்சம் மீதியைத் தின்றுவிட்டது. எங்கள் தலைவருக்கோ அவளைக் கண்ணாடிக் கூரை போட்ட புதுக் கூடத்துக்கு மாற்ற வேண்டும். மிச்சமிருக்கிற நிறமும் போய்விடும் என்று ஆய்வுக்கூட விளக்கில் சோதித்துக் காட்டினேன். "அது விளக்கும்மா, இது வெயில். வெயில்ல நிரூபிங்க, பேசலாம்" என்கிறார். வருடக் கடைசி வரை தவணை. நிரூபிக்காவிட்டால் அவளும் போவாள், நானும் சட்டம் துடைக்கப் போவேன்.

ஆகவே பன்னிரண்டு வீடுகளின் ஜன்னல்களில் பட்டைகளைக் கட்டுகிறேன். நம் வீடு ஏழாம் நம்பர். அம்மா தையல் மெஷின் போட்டிருக்கும் முன்னறை ஜன்னல் கம்பியில் ஆறையும் வரிசையாகக் கட்டு. மேல் கதவு, கீழ் கதவு இரண்டும் பகலெல்லாம் திறந்திருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு பட்டையை அவிழ்த்து அனுப்பு. கீழ் நுனியில் நகம் அளவு வெள்ளித் தகடு ஒட்டியிருக்கிறேன். அது காற்றுக்கு மூக்கு. கந்தகம் கலந்த காற்று பட்டால் கறுத்துவிடும். தூசி துடைக்கும் வேலையை அம்மாவிடம் கொடு. உன்னிடம் கொடுத்தால் கிரீஸ் துணியால் துடைப்பாய்.

எல்லோரையும் விசாரித்தேன் என்று சொல்.
அக்கா


ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழாம் நம்பர் வீட்டுக் காவலாளி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம், கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள்.

பட்டைகள் வந்தன, கட்டியாயிற்று. அம்மா பார்த்துவிட்டு, "சாயம் போற துணிய யாராவது வேணும்னே வெயில்ல கட்டுவாங்களா? இதுக்கா இவ்ளோ படிச்சா?" என்றாள். பிறகு மூன்று கோடும் நேராக இருக்கின்றனவா என்று அளவு டேப் வைத்துப் பார்த்து, "கோடு மட்டும் நல்லாப் போட்டிருக்கா" என்று ஒத்துக்கொண்டாள். அம்மா வாயால் பாராட்டு, ஃபிரேம் போட்டு வை.

எதிர்வீட்டு டீச்சர் வழக்கம்போல் சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே வந்து சாய்ந்துகொண்டு, "இது என்ன, வேண்டுதலா?" என்று கேட்டார். "என் பொண்ணு கட்டச் சொல்லியிருக்கா, ஆராய்ச்சி" என்றாள் அம்மா. அதிலிருந்து தெருவில் பிளவுஸ் தைக்க வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கவுரைதான். நீ சொன்னதில் பாதி, அவள் சேர்த்தது பாதி. நேற்றுக் கேட்டபோது நீ அந்த ஓவியக்கூடத்துக்கே தலைவியாகியிருந்தாய்.

தூசி துடைப்பது அம்மாதான். ஸ்டூல் போட்டு ஏறித் துடைக்கிறாள். நான் செய்கிறேன் என்றால் என் கையைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி


மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

உன் பார்சல் கிடைத்தது. எல்லோரும் நலம் என்று நீ எழுதியதைப் படித்தபோது அம்மா மெஷினை மிதிக்கும் சத்தமே கேட்டதுபோல் இருந்தது.

பன்னிரண்டு வீட்டில் நம் வீடுதான் முதல். ஒரு வீட்டில் பட்டையைக் குழந்தை கடித்திருக்கிறது. இன்னொரு வீட்டில் அதன்மேல் ஈரத்துணி காயப்போட்டிருக்கிறார்கள். நம் பட்டையில் ரோஜா ஒரே சீராக, மேலிருந்து கீழ்வரை ஒரு படி வெளுத்திருக்கிறது. பூச்சியை அரைத்து எடுக்கும் சிவப்பு அது, வெயிலைத் தாங்காது. தலைவரிடம் காட்டினேன். "ம்" என்றார். அவர் 'ம்' என்றால் பாதி வழிக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம்.

ஒரே ஒரு குறை. பட்டையின் மேல் நுனியில் மட்டும் தூசி படிந்திருக்கிறது. தூசி இருந்தால் வெளிச்சம் மறையும், கணக்குத் தப்பும். அம்மாவைக் கொஞ்சம் எட்டி, மேல் நுனி வரை துடைக்கச் சொல். நான் சொன்னேன் என்று சொல், செய்வாள்.

இங்கே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. ஏதாவது படத்தின் முன்னால் போய் நின்று இதில் எது போயிற்று, எது இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அம்மாவை எனக்காக இரண்டு வரி சொல்லச் சொல்லி எழுது.

அன்புடன்
அக்கா


மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

ஏப்ரல் பட்டையை அனுப்பியிருக்கிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும். கடையில் வேலை அதிகம்.

அம்மா நன்றாக இருக்கிறாள். தைப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு ஓய்வாக இருக்கிறாள். வயசாகிறது இல்லையா? "நல்லா இருக்கேன்னு எழுது" என்றாள். இரண்டு வரி கேட்டிருந்தாய், இப்போதைக்கு ஒரு வரிதான் தேறியது.

தம்பி


ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை, கோபமாக இருக்கிறேன். நீங்கள் மூவரும் நலமாக இருங்கள். இப்போது திட்டைக் கேள்.

ஜூன் பட்டை வந்தது, கூட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அது போகட்டும். ஏப்ரல் பட்டையையும் ஜூன் பட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரோஜா இரண்டிலும் ஒரே அளவு. இடையில் இரண்டு மாதம் உங்கள் ஊரில் சூரியன் உதிக்கவே இல்லையா? அதைவிட மோசம், வெள்ளைக் கோடு மஞ்சளடித்திருக்கிறது. ஆளிவிதை எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. வெளிச்சத்தில் இருந்தால் வெள்ளை வெள்ளையாக இருக்கும், இருட்டில் போட்டால் மஞ்சளாகிவிடும். இந்தப் பட்டை இருட்டில் இருந்திருக்கிறது. கம்பியிலிருந்து அவிழ்த்து அலமாரியில் போட்டுவிட்டு மாதம் வந்ததும் எடுத்து அனுப்புகிறாய், அப்படித்தானே?

சோம்பேறி என்று உன்னைச் சின்ன வயதில் அடித்தது போதவில்லை என்று தோன்றுகிறது. எனக்கு இது வெறும் பட்டை இல்லையடா. கூடைக்காரியின் சால்வையில் கடைசியாக ஒட்டியிருக்கும் நிறம் இந்தப் பன்னிரண்டு ஜன்னலை நம்பித்தான் இருக்கிறது. தலைவர் புதுக் கூடத்துக்கு விளக்குக்காரர்களைக்கூட வரச்சொல்லிவிட்டார்.

அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே எப்படி இதைச் செய்தாய்? அவள் ஒன்றும் சொல்லவில்லையா? எனக்கு அதுதான் புரியவில்லை.

உடனே பதில் எழுது.
அக்கா


ஜூலை 20

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் கோபம் தணிந்து நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அவிழ்க்கவில்லை. அலமாரியில் போடவில்லை. நீ சொன்ன ஜன்னலில், நீ சொன்ன கம்பியில், கட்டிய முடிச்சுகூட மாறாமல் இருக்கிறது. வேண்டுமானால் என் மனைவியைக் கேள். அவளும் என்மேல் உனக்கிருப்பதைப் போலவே நம்பிக்கை வைத்திருப்பவள்தான். அவளே சாட்சி சொல்வாள். நான் பஞ்சர் ஒட்டுகிறவன், பொய் ஒட்டுகிறவன் இல்லை.

வேறு என்ன எழுத? கடைக்கு ஆள் வந்திருக்கிறான், டியூபைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

அம்மா, "அவள வேலையப் பாக்கச் சொல்லு, இங்க ஒண்ணும் குறையில்ல" என்றாள்.

தம்பி


ஆகஸ்ட் 29

தம்பிக்கு,

நான் நலம். அங்கே எப்படி என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே.

போன முறை உன்மேல் எரிந்து விழுந்தேன். நீ ஒரு வார்த்தைகூடத் திருப்பித் திட்டவில்லை. அதுவே என்னை அரித்துக்கொண்டிருந்தது. நீ திட்டாமல் விடுகிற ஆளா?

இப்போது ஆகஸ்ட் பட்டை வந்திருக்கிறது. மூக்கு கறுத்துவிட்டது. வெள்ளித் தகடு கரிச்சட்டி மாதிரி ஆகியிருக்கிறது. அதை ஒட்டிய காரீய வெள்ளையும் பழுப்பேறியிருக்கிறது. மற்ற பதினோரு வீட்டிலும் தகடு பளபளவென்று இருக்கிறது. சாக்கடை உடைந்ததோ என்று பார்த்தேன். அப்படியென்றால் ஈரக்கறை இருக்கும், இல்லை. பட்டையின் உள்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம்தான் அதிகம் கறுத்திருக்கிறது. கெட்ட காற்று தெருவிலிருந்து வரவில்லை, அறைக்குள் இருக்கிறது.

எங்கள் கிடங்கில் ஒருமுறை தரை வழுக்காமலிருக்க ரப்பர் பாய் விரித்தார்கள். கதவைச் சாத்தி வைத்ததில் உள்ளே இருந்த வெள்ளிச் சாமான் அத்தனையும் இதே மாதிரி கறுத்தது. ரப்பரில் கந்தகம் உண்டு. மூடிய அறையில் ரப்பர் இருந்தால் இந்த நிறம்தான் வரும்.

அம்மாவின் முன்னறை எப்போது மூடிய அறையானது? அதில் ரப்பர் எங்கிருந்து வந்தது? சுற்றி வளைக்காமல் எழுது.

அக்கா


செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். நீயும் சுகமாக இருந்து இந்த டிடெக்டிவ் வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளவும்.

ரப்பர் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சர் கடைக்காரன் வீட்டில் ரப்பர் இல்லாமல் தங்கமா இருக்கும்? கடைக்கூரை ஒழுகுகிறது. அதனால் பழைய டயர்களையெல்லாம் கொண்டுவந்து முன்னறையில் அடுக்கியிருக்கிறேன். ஜன்னல் ஓரமாகத்தான் அடுக்கு. வெளிச்சம் மறைத்தது அதுதான், நாற்றம் அடித்ததும் அதுதான். உன் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்! கூரை வேலை முடிந்ததும் எடுத்துவிடுகிறேன். உன் ஆராய்ச்சியைக் கெடுத்ததற்கு மன்னித்துக்கொள்.

அம்மா உன்னை விசாரித்தாள்.

தம்பி


செப்டம்பர் 12

தம்பி,

நலம் விசாரிக்க நேரமில்லை. நேரில் வந்து விசாரிக்கிறேன்.

டயர் கதை நன்றாக இருந்தது. நானும் நம்பினேன், நிம்மதியாகச் சாப்பிட்டேன். பிறகு பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது அந்த அறையை நினைத்துப் பார்த்தேன். கிரீஸ் கையோடு வாசலைத் தாண்டியதற்கே அம்மா உன்னை அளவுக்குச்சியால் விளாசியவள். கல்யாணத் துணி தைக்கிற அறையில் எனக்கு ஒரு பேனா திறக்க அனுமதி கிடையாது. அந்த அறையில் பழைய டயரா? அம்மா அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாளா?

டயர் பொய் என்றால் அங்கே இருப்பது எழுந்திருக்க முடியாதவர்கள் படுக்கையில் விரிக்கிற ரப்பர் ஷீட். டயர் நிஜம் என்றால் அம்மா அம்மாவாக இல்லை. எப்படிப் பார்த்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

லீவு போட்டுவிட்டேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்தால் அம்மாவிடம் காட்டாதே.

அக்கா


அக்டோபர் 6

அன்புள்ள தம்பிக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். வழியில் சிரமம் இல்லை. அம்மா சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, இடுப்பு வலி எப்படி என்று ஒவ்வொரு கடிதத்திலும் உண்மையை எழுது. இனிமேல் 'சௌக்கியம்' என்ற ஒற்றை வார்த்தையை நான் ஏற்பதாக இல்லை.

பாதிச் சண்டையில் கிளம்பி வந்தது மனதில் முள்ளாகக் குத்துகிறது. மெஷின் இருந்த இடத்தில் கட்டிலும், அதில் அம்மாவும், பட்டப்பகலில் அந்த இருட்டும் பார்த்ததும் எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது. "யாரு உன்னக் கூப்பிட்டா?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பையைக்கூடக் கீழே வைக்காமல் மேல் கதவு, கீழ் கதவு இரண்டையும் படாரென்று திறந்தேன். வெளியே டீச்சர். அவர் முகம் மலர்ந்து "வந்துட்டியாம்மா" என்று என்னைக் கேட்கிறார், உள்ளே அம்மா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறாள். இத்தனை வருடம் நேராக உட்கார்ந்து தெருவையே அளந்தவள், தெரு தன்னைப் படுத்த நிலையில் பார்க்கக்கூடாது என்றுதான் மார்ச்சிலிருந்து அந்த ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறாள். அதைப் புரிந்துகொள்ளாமல் பத்து நாளும் நான் திறக்க, அவள் மூடச் சொல்ல, நீ நடுவில் நின்று கதவைப் பிடித்துக்கொண்டு தவித்தாய்.

"என்னய அந்தப் படத்தப் பாக்குற மாதிரி லென்சு வச்சுப் பாக்காத" என்றாளே, அதையே வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். இங்கே நாளெல்லாம் திரையை மூடுங்கள் மூடுங்கள் என்று கத்துகிறவள் நான். அங்கே வந்து திற திற என்று கத்தியிருக்கிறேன். எங்கே போனாலும் கத்தல்தான்.

ஏழாம் நம்பர் வீட்டை ஆய்விலிருந்து நீக்கிவிட்டேன். வேறு வழியில்லை, இருட்டில் இருந்த பட்டை கணக்கில் சேராது. மீதிப் பதினோரு வீடும் சரியாக வந்திருக்கின்றன, அதுவே போதும் என்று நினைக்கிறேன். நான் கடைசி நாள் கட்டிவிட்டு வந்த இரண்டு புதுப் பட்டைகளும் எந்தக் கணக்குக்கும் இல்லை. கை சும்மா இருக்கவில்லை, கட்டினேன். வேண்டாமென்றால் அவிழ்த்துவிடு.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. விழுந்ததை, எலும்பு உடைந்ததை, ஆபரேஷன் செய்ததை என்னிடம் மறைக்க அம்மாவுக்கு என்ன அவசியம்? கேட்டபோது நீ உன் கைவிரலைப் பார்த்தாய், உன் மனைவி எழுந்து சமையலறைக்குப் போனாள். எதையோ இன்னும் மறைக்கிறீர்கள்.

அன்புடன்
அக்கா


நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டபடி உண்மை நிலவரம். அம்மா பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறாள். வலி இருக்கிறது. இரவில் விட்டு விட்டுத் தூக்கம். வாய் மட்டும் பூரண குணம். எங்கள் இருவருக்கும் சௌக்கியம்தான், அந்த வார்த்தையை இங்கே மட்டும் அனுமதி.

முதலில் நல்ல செய்தி. நம் வீட்டை நீக்கிவிட்டாய் என்று உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு வந்ததே ரோஷம்! "பதினோரு வீடு பாசு, என் வீடு ஃபெயிலா? யாரக் கேட்டு எடுத்தா?" என்றாள். "அந்தப் பட்டை கணக்கில்லம்மா" என்றேன். "எண்ணட்டும், எண்ணாமப் போகட்டும். இருட்டுல கட்டி வச்சா அதுக்குப் பேரு என்ன? மேல் கதவ மட்டும் திற, கீழ் கதவு இருக்கட்டும்" என்றாள். எனக்கும் உனக்கும் இத்தனை நாள் தோன்றவில்லை பார். மேல் கதவைத் திறந்தால் வெளிச்சம் வருகிறது, தெருவில் நிற்பவர்களுக்கு அம்மா தெரிய மாட்டாள். இப்போது காலையிலேயே "கதவத் திறந்தியா?" என்று எனக்கு அதட்டல்.

முதல் பட்டையை இத்துடன் அனுப்புகிறேன். நடுவில் கத்தியால் வெட்டிய மாதிரி ஒரு கோடு விழுந்திருக்கிறது. கோட்டுக்கு மேலே வெளுப்பு, கீழே ரோஜா. இது தப்பா சரியா என்று அம்மா கேட்கிறாள்.

இனி நீ கேட்ட இன்னொன்று. எழுத வேண்டாம் என்று அம்மா சொன்னாள். என் வீட்டுக்காரியோ, "மறைச்சது போதும், எழுதிடுங்க" என்கிறாள். நீயும் எப்படியும் ஏதாவது ஒரு சாயத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாய். அம்மா ஸ்டூலிலிருந்துதான் விழுந்தாள். பட்டையைத் துடைக்க ஏறினாள். மேல் நுனி எட்டவில்லை, எக்கினாள். உன் மார்ச் கடிதம் வந்த மறுநாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், அந்த வலியிலும், "அவகிட்ட சொல்லாத. சொன்னா அவ கையில அப்புறம் வேல ஓடாது" என்றாள். அவள் சொன்ன ஒரே காரணம் அதுதான். நான் வேறு எதையும் சேர்க்கவில்லை.

இதற்காக நீ உன்னையே தின்றுகொண்டிருக்காதே.
தம்பி


டிசம்பர் 28

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுக்கும் இன்றைக்கு ஒன்றுமில்லை. நவம்பர் முழுக்க அப்படி இல்லை.

உன் கடிதத்துக்கு நான் பதில் எழுதாதது கோபத்தால் இல்லை. நாலு தடவை எழுத உட்கார்ந்தேன். 'கொஞ்சம் எட்டி, மேல் நுனி வரை துடைக்கச் சொல்' என்று எழுதிய அதே மேஜை, அதே பேனா. 'நான் சொன்னேன் என்று சொல், செய்வாள்' என்று வேறு எழுதியிருந்தேன். விரல் அகலத் தூசிக்காக அம்மாவின் இடுப்பெலும்பு. அழுதேன். ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் முன்னால், கையில் பஞ்சோடு, அழுதேன். அம்மா சொன்னது சரி, கையில் வேலை ஓடவில்லை.

ஓடாத கையோடுதான் ரிப்போர்ட்டை முடித்தேன். பதினோரு வீட்டுப் பட்டைகளையும் தலைவர் மேஜையில் வரிசையாக வைத்தேன். கடைசியில், கணக்கில் இல்லாத நம் வீட்டு நவம்பர் பட்டையையும் வைத்தேன். கோடு விழுந்த பட்டை. அவர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதையே பார்த்தார். "ஒரே பட்டையில இவ்ளோ வித்தியாசமா?" என்றார். "கீழே கதவு சாத்தியிருந்தது" என்றேன். கூடைக்காரி கண்ணாடிக் கூரைக்குப் போகவில்லை. இருந்த அறையிலேயே, மங்கலான விளக்கில் இருக்கிறாள். நுழைவுச் சீட்டில் 'வெள்ளை'யையும் எடுத்துவிட்டார்கள், இனி வெறும் சால்வைக்காரி. அம்மாவிடம் சொல், தப்பா சரியா என்று கேட்டாளே, அந்தக் கோடுதான் ஜெயித்தது.

இன்று காலை உன் கடைசிப் பார்சல் வந்தது. பிரித்தால் பட்டையும், இரண்டு வரிச் சீட்டும். 'அம்மா ஒன்றும் எழுதாதே என்கிறாள். "அவளே படிச்சுக்குவா" என்கிறாள்.' மறுபடியும் மறைக்கிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பட்டையை ஜன்னலோரம் எடுத்துக்கொண்டு போனேன். படித்தேன்.

முதலில் மூக்கு. வெள்ளித் தகடு வெள்ளையாகவே இருக்கிறது. கறுப்பு இல்லை. ரப்பர் ஷீட்டை எடுத்துவிட்டீர்கள். அம்மா தானே எழுந்து நடந்து போய்வருகிறாள்.

அடுத்தது அந்தக் கோடு. அது இருக்கிறது, ஆனால் தேடினால்தான் தெரிகிறது. கோட்டுக்குக் கீழேயும் ரோஜா போய்விட்டது. மேலே எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு. ஒருநாள் இரண்டுநாள் வெயிலில் இது வராது. வாரக்கணக்கில், பகலெல்லாம், கீழ் கதவு திறந்திருந்தால்தான் வரும். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் அம்மாவைப் பார்க்கிறார்கள். அம்மாவும் அவர்களைப் பார்க்கிறாள். டீச்சர் சாயங்காலம் வந்து சாய்ந்துகொள்கிறார், உண்டா இல்லையா?

இத்தனை வருடமாக ஒரு நிறம் போவதைப் பார்த்து வயிறெரிந்தே பழகியவள் நான். இன்றைக்குத்தான் முதல்முறையாக, நன்றாகப் போயிருக்கிறது என்று திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். லென்ஸ் வைக்கவில்லை என்று அவளிடம் சொல். வெறும் கண்ணாலேயே தெரிந்தது.

அம்மாவிடம் சொல், படித்துவிட்டேன்.

அக்கா